ஐந்து பாஸ்போர்ட்டும் ஒரு பையும்

பயணம் கிளம்பிய அன்றே ஐந்து பேரின் பாஸ்போர்ட்டும் சின்ன மருமகளுடைய கணவனின் அண்ணனிடம் போய்விட்டன. அவர் ஓர் அலுவலகத்தில் கண்காணிப்பாளர். வீட்டிலும் அதே பதவிதான். எல்லாவற்றையும் பச்சைக் கோப்பு ஒன்றில் அடுக்கி, கோப்பைத் தோள்பையில் வைத்து, பைக்கு நம்பர் பூட்டும் போட்டிருந்தார். வெளிநாட்டில் இருந்த ஒன்பது நாளும் யாருக்குப் பாஸ்போர்ட் தேவைப்பட்டாலும் அவரிடம்தான் கேட்க வேண்டும். முதுகைத் திருப்பிக்கொண்டு பூட்டைத் திறப்பார். காரியம் முடிந்த அடுத்த நிமிடமே திருப்பி வாங்கி உள்ளே வைத்துவிடுவார்.

சின்ன மருமகளுக்கு இந்தக் கூத்து முதல் நாளே சலித்துவிட்டது. ஒரு பெரிய மருத்துவமனையின் மருந்தகத்தில் பதினோரு வருடம் கவுண்டரில் நின்றவள் அவள். பத்துப் பேர் ஒரே நேரத்தில் சீட்டை நீட்டினாலும் கை தடுமாறாது. ஒரு மாத்திரை அட்டையை எடுத்துத் தர இவ்வளவு ஆர்ப்பாட்டம் செய்தால் கூட்டம் அடிக்க வந்துவிடும் என்று நினைத்துக்கொண்டாள். கணவனிடம் சொல்லிப் பயனில்லை. அந்த ஒன்பது நாளில் அவன் வாயிலிருந்து முழுசாக வந்த ஒரே வாக்கியம், "அண்ணன் பாத்துப்பாரு."

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குள் அவள் தலைமை மருந்தாளுநராகக் கையெழுத்துப் போட்டுப் பொறுப்பேற்க வேண்டும். தவறினால் பதவி பட்டியலில் அடுத்தவருக்குப் போகும் என்று உத்தரவிலேயே இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பகல் விமானத்தில் திரும்பிவிடலாம் என்று கெஞ்சிப் பார்த்தாள். படகுச் சவாரி பாக்கி இருக்கிறது என்றார் கண்காணிப்பாளர். திங்கள் காலை ஆறரைக்கு இறங்கினால் போதாதா, கவுண்டர் என்ன ஓடியா போய்விடும் என்றும் கேட்டார். கடைசியில் படகில் ஏறியதும் வாயைத் திறந்துகொண்டு தூங்கினார்.

திங்கள் விடிகாலையில் விமானத்தின் வாசல்வரை எல்லாம் ஒழுங்காக நடந்தது. அங்கே நின்ற பணிப்பெண், உள்ளே மேல்தட்டில் இடமில்லை, பெரிய பைகளைக் கீழே போட்டுவிடுகிறோம், ஊரில் இறங்கி பெல்ட்டில் எடுத்துக்கொள்ளுங்கள் என்றாள். கண்காணிப்பாளரின் தோள்பை ஒன்பது நாளில் இரண்டு மடங்கு ஊதியிருந்தது. பாரம் விட்டது என்று சந்தோஷமாக நீட்டினார். கோப்பு அதற்குள் இருந்தது.

"அத்தான், இறங்கினதும் முதல்ல பாஸ்போர்ட்டுதான் கேப்பாங்க. பெல்ட்டு அதுக்கு அந்தப் பக்கம்" என்றாள் சின்ன மருமகள்.

தன் குமாஸ்தாக்களுக்காக வைத்திருக்கும் சிரிப்பு ஒன்றை அவர் எடுத்து வெளியே விட்டார். விவரம் சொன்னால் விடுவார்கள், இதைப்போல் எத்தனை பார்த்திருக்கிறேன் என்றார்.

"அப்ப என்னோடதை மட்டும் குடுங்க."

"ஏம்மா, எம்மேல நம்பிக்கை இல்லையா?"

"இல்லை."

பின்னால் நீண்ட வரிசை நின்றது. வேறு வழியில்லாமல் பையைத் தரையில் வைத்துத் திறந்தார். கோப்புக்கு முன்னால் ஓட்டல் சோப்புகள் வந்தன, பதினான்கு. குட்டி ஷாம்பூ பாட்டில்கள், டீத்தூள் பொட்டலங்கள், குளியல் தொப்பிகள், காகிதச் செருப்பு மூன்று ஜோடி. மாமியார் சுவரைப் பார்த்தாள். எல்லாரும்தான் எடுக்கிறார்கள் என்று முணுமுணுத்தபடி மூத்த மருமகள் உருண்ட சோப்பைப் பொறுக்கினாள். ஒரு குடும்பத்தையே ஆட்டிவைத்த பூட்டு காத்து வந்த பொக்கிஷம் இவ்வளவுதான்.

சின்ன மருமகள் தன் பாஸ்போர்ட்டை எடுத்தாள். கணவனுடையதையும் எடுத்து அவனிடம் நீட்டினாள். அவன் அண்ணனின் முகத்தைப் பார்த்தான். நாற்பத்தொரு வயது ஆண் ஒருவன், தன் பெயரும் படமும் உள்ள புத்தகத்தை வாங்கிக்கொள்ள அனுமதிக்காக நின்றான்.

"எங்க நாலு பேரோடதும் உள்ளயே இருக்கட்டும்" என்றார் கண்காணிப்பாளர். "குடும்பம்னா ஒரே இடத்துலதான் இருக்கும்."

கணவன் தன்னுடையதை வாங்கிக் கோப்பில் வைத்தான். பூட்டு விழுந்தது. பை கீழே போனது.

ஊரில் இறங்கியபோது ஆறு நாற்பது. குடியேற்றப் பிரிவு அதிகாரி விவரத்தைப் பொறுமையாகக் கேட்டு, நால்வரையும் சுவரோரப் பெஞ்சில் உட்காரச் சொன்னார். பூட்டிய பையை உரிமையாளர் முன்னால்தான் திறக்கலாம்; உரிமையாளர் பாஸ்போர்ட் இல்லாமல் அந்தப் பக்கம் போகக் கூடாது; இதற்கு முடிவு சொல்லும் மேலதிகாரி எட்டரைக்கு வருவார். கண்காணிப்பாளர் தான் யாரென்று சொன்னார். பிறகு எந்த அலுவலகம் என்று சொன்னார். யாரும் குறித்துக்கொள்ளவில்லை.

கணவன் அவள் பக்கம் வந்து குரலைத் தாழ்த்தினான். "நீயும் உக்காரு. நாங்க நாலு பேரும் இப்படி இருக்கும்போது நீ மட்டும் போனா நல்லாவா இருக்கும்?"

"நல்லாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு அவள் வரிசையில் போய் நின்றாள்.

எட்டு ஐம்பதுக்குக் கையெழுத்துப் போட்டாள். மயக்க மருந்து அலமாரியின் சாவியை வாங்கி, இருப்பைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது கணவன் தொலைபேசியில் வந்தான். இப்போதுதான் பை கிடைத்ததாம். அத்தனை பேர் முன்னால் அதிகாரிகள் எல்லாவற்றையும் வெளியே எடுத்துப் போட்டார்களாம்.

"அண்ணன் ரொம்பக் கோவமா இருக்காரு. ஒரு மாசத்துக்கு உன்கூடப் பேச மாட்டாராம்."

"ஒரு மாசந்தானா?" என்று கேட்டுவிட்டு, கவுண்டரில் காத்திருந்தவரின் சீட்டை வாங்கிக்கொண்டாள்.