சிவப்பெழுத்தும் களி உருண்டையும்

ஸ்வாதி எழுதிய புரோகிராம் தினமும் காலையில் பாதி வேலையில் படுத்துக்கொள்ளும். சும்மா படுக்காது. திரை முழுக்கச் சிவப்பெழுத்தில் ஒப்பாரி வைத்துவிட்டுத்தான் படுக்கும்.

போச்சம்பள்ளிப் பக்கம், கார்களுக்கு ஒயர் கட்டுகள் செய்துதரும் கம்பெனி அது. பர்கூரில் இன்ஜினியரிங் முடித்துவிட்டு வந்த ஸ்வாதி அங்கே ட்ரெய்னி. முதல் வேலையாகக் கேன்டீனைத் தூக்கி அவள் தலையில் கட்டியிருந்தார்கள். மதியச் சாப்பாட்டைத் தொழிலாளிகள் காலையிலேயே போனில் பதிந்துவிட வேண்டும். சோறு, சப்பாத்தி என்றால் ஒரு டிக் போதும். கேழ்வரகுக் களிக்கு மட்டும் ஒரு பெட்டி. எத்தனை உருண்டை என்று அதில் எண்ணைப் போட வேண்டும். ஸ்வாதியின் பைத்தான் புரோகிராம் எல்லாவற்றையும் கூட்டி, யார் யாருக்கு எவ்வளவு என்று சமையலறைக்கு அனுப்பும்.

எண்ணைப் போடு என்றால் எண்ணை மட்டும் போடுகிற ஊரா இது? ‘ரெண்டு உருண்டை’ என்று எழுதினார் ஒருவர். ‘ஒண்ணு, ஆனா பெருசா’ என்றார் இன்னொருவர். கன்னடம் பேசுகிறவர் ‘எரடு முத்தே’ என்று எழுத, தெலுங்குக்காரர் சங்கட்டி என்று எழுதினார். களி என்று வந்துவிட்டால் கிருஷ்ணகிரிக்காரர்களுக்குக் கொஞ்சம் பேச்சும் வேண்டும். புரோகிராமுக்கு அந்தப் பேச்செல்லாம் புரியாது. ‘இது எண்ணே இல்லையே’ என்று முதல் ஆளிடமே முறைத்துக்கொண்டு நின்றுவிடும். ஸ்வாதி அதைக் கையால் திருத்தி மறுபடி ஓடவிடுவாள். அது அடுத்த ஆளிடம் போய் நிற்கும். எல்லாரையும் தாண்டி முடிப்பதற்குள் அவள் காபி ஆறிப்போயிருக்கும்.

ஒரு நாள் நிர்வாக மேலாளர் சௌந்தரராஜன் அவள் பின்னால் வந்து நின்றார். திருநெல்வேலிக்காரர். வேலைக்கு வந்த புதிதில் களியைப் பார்த்து, “இதைச் செவுத்துல பூசலாமே, தட்டுல எதுக்கு வைக்காவ?” என்று கேன்டீனே கேட்கச் சொன்னவர். அவர் கையெழுத்துப் போட்டால்தான் ஸ்வாதிக்கு வேலை நிரந்தரம்.

“ஏம்மா, நானும் பாக்கேன், எப்ப வந்தாலும் உன் கம்ப்யூட்டர்ல ஒரே செவப்பு. வேலை தெரிஞ்ச பிள்ளைதானா நீ?”

அந்தக் கேள்வி ஸ்வாதிக்குச் சுருக்கென்று தைத்தது. அன்றே புரோகிராமில் இரண்டு மூன்று வரி சேர்த்தாள். ட்ரை, எக்ஸெப்ட், பாஸ். அதாவது, முயன்று பார். முடியாவிட்டால் மூச்சுக் காட்டாமல் அடுத்த ஆளிடம் போ. அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பார்கள். அவள் அழுத பிள்ளையின் வாயைப் பொத்திவிட்டாள்.

மறுநாள் முதல் சிவப்பே இல்லை. புரோகிராம் கண் மூடித் திறப்பதற்குள் முடிந்தது. சௌந்தரராஜன் எட்டிப் பார்த்து, “இப்படில்லா இருக்கணும்” என்றார். ஸ்வாதி சூடாகக் காபி குடித்தாள்.

சில வாரம் கழித்து, கேன்டீன் கவுன்டரில் சின்னச் சலசலப்பு. லைனில் வேலை செய்யும் விமல்ராஜ் தட்டோடு நின்றான்.

“பதிஞ்சன்க்கா, என் கையாலதான் பதிஞ்சன்.”

“உன் பேருக்குக் களி வர்லியே ராஜா. சோறு வாங்கிக்கோ” என்று உள்ளேயிருந்து நாராயணம்மாவின் குரல் வந்தது. அந்தக் கேன்டீனில் களி கிண்டுவதற்கென்றே இருப்பவள் அவள். ஸ்வாதி அந்தப் பக்கமாகப் போனவள்தான். ‘பதிய மறந்துவிட்டு வந்து சண்டை போடுகிறான்’ என்று நினைத்துக்கொண்டு நகர்ந்துவிட்டாள்.

அதற்கடுத்த வாரம் சௌந்தரராஜன் அவளைக் கூப்பிட்டார். “களியை நிப்பாட்டப் போறோம். யாருமே திங்கதில்லை. சாயங்காலம் கேன்டீன் காண்ட்ராக்டர் தங்கதுரை வராரு. எண்ணிக்கை எப்படிக் கொறைஞ்சிருக்குன்னு ஒரு படம் போட்டுக் கொண்டா. அந்த நாராயணம்மாவையும் அனுப்பிரச் சொல்லலாம். களி இல்லைன்னா அந்தம்மாவுக்கு இங்க என்ன சோலி?”

ஸ்வாதி படம் போட்டாள். கோடு நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒரு நாள் திடீரென்று கிணற்றில் கல் விழுந்த மாதிரி கீழே போய், அப்புறம் எழவே இல்லை. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒரு ஊருக்கே ஒரே ராத்திரியில் நாக்கு மாறிப்போகுமா? அது என்ன நாள் என்று பார்த்தாள். அவள் முதன்முதலாகச் சூடாகக் காபி குடித்த நாள்.

வெறும் எண்ணைப் போட்டவர்களை மட்டும் புரோகிராம் கூட்டியிருக்கிறது. உருண்டை, முத்தே, சங்கட்டி என்று எழுதிய அத்தனை பேரையும் சத்தமில்லாமல் விழுங்கி ஏப்பம் விட்டிருக்கிறது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தது போக, மறைத்ததே தெரியாமல் பாராட்டும் வாங்கியாயிற்று.

சமையலறைக்குப் போனாள். பெரிய அண்டா கவிழ்ந்து கிடந்தது. நாராயணம்மா ஒரு குண்டானில் களி கிண்டிக்கொண்டிருந்தாள்.

“வா பாப்பா. பாரு, இம்மாந்துண்டு மாவுக்குத் துடுப்பு எதுக்கு? கரண்டியே போதும்” என்று சிரித்தாள். “ஜனங்களுக்கு வாய் மாறிப்போச்சு போல. யாரைக் குத்தம் சொல்றது? நீ ஓசூர்காரப் பொண்ணுதான? அங்க எதுனா ஓட்டல்ல களி கிண்ட ஆள் வேணும்னா சொல்லு பாப்பா. எனக்கு வேற வேலை வராது.”

எய்தவள் முன்னால் நிற்க, அம்பு பட்டவள் உபசாரம் செய்துகொண்டிருந்தாள். ஸ்வாதிக்கு வெட்கமாக இருந்தது. கூடவே பயமாகவும் இருந்தது. அந்த வரிகளை அழித்துவிட்டு ஒன்றும் தெரியாதவள்போல இருந்துவிடலாம். நாளையிலிருந்து எண்ணிக்கை தானாக ஏறும். ஆனால் இன்று சாயங்காலமே இவளை அனுப்பிவிடுவார்களே. உண்மையைச் சொன்னாலோ, சௌந்தரராஜன் கையெழுத்துக்குப் பதிலாகக் கும்பிடு போட்டு அனுப்பிவிடுவார். அப்பாவிடம் என்ன சொல்வது? யோசித்துக்கொண்டே படியேறியவள், மேலே போய்ச் சேர்ந்தபோது முடிவெடுத்திருந்தாள்.

சாயங்காலம் தங்கதுரை வந்து உட்கார்ந்தார். ஸ்வாதி பெரிய திரையோடு தன் கம்ப்யூட்டரை இணைத்தாள்.

“படம் எங்கம்மா?” என்றார் சௌந்தரராஜன்.

“படம் தப்பு சார். இன்னைக்குக் காலையில வந்த பதிவையே மறுபடியும் ஓட்டிக் காட்டறேன். சிவப்பு வரும். கோவிச்சுக்காம படிச்சுப் பாருங்க.”

வாயைப் பொத்திய வரியை எடுத்துவிட்டு வேறு எழுதியிருந்தாள். புரியாததைப் பார்த்தால் நின்றுவிடாதே, விழுங்கவும் செய்யாதே. யார், என்ன எழுதினார் என்று சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போ. பொத்தானைத் தட்டினாள். சிவப்பு வரிகள் சரசரவென்று இறங்கின.

விமல்ராஜ்: ரெண்டு உருண்டை, நேத்தும் இல்லன்னுட்டீங்க.

மாதேஸ்வரி: ஒண்ணு. இன்னைக்காச்சும் குடுங்க.

ஆஞ்சப்பன்: மூணு. நாராயணம்மா கையால வேணும்.

வேறெங்கே முறையிடுவது என்று தெரியாமல், களிக்காரர்கள் அத்தனை பேரும் அந்தப் பெட்டிக்குள்ளேயே முறையிட்டிருந்தார்கள். தங்கதுரை ஒவ்வொன்றாகச் சத்தமாகப் படித்துக்கொண்டே வந்தார். ஒரு வரிக்கு வந்ததும் தொண்டையைக் கனைத்துக்கொண்டு நிறுத்திவிட்டார்.

சௌந்தரராஜன், நிர்வாகம்: அரை. யாரிடமும் கொடுத்து அனுப்ப வேண்டாம், நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.

ஸ்வாதி இதை எதிர்பார்க்கவே இல்லை. சிரிப்பு வந்துவிடுமோ என்று பயந்து மேசையையே பார்த்தாள்.

சௌந்தரராஜன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “சுகர் ஏறிட்டு. டாக்டர் சோத்தைக் கொறைக்கச் சொல்லிட்டாரு” என்றார். “தெனமும் பதியுதேன். எல்லாரும் போன பொறவு போய்க் கேட்டா, தெனமும் இல்லைங்கா அந்தம்மா. மேனேஜருக்கே அரை உருண்டை கிண்டாத ஆளு எதுக்குன்னுதான்...” முடிக்காமல் விட்டார்.

“அந்தக்கா மேல தப்பில்ல சார். அவங்களுக்கு உங்க பேரே போகல. என் புரோகிராமுக்கு அரைன்னா தெரியாது. தெரியாததெல்லாம் சொல்லாம முழுங்கற மாதிரி எழுதினது நான்தான்.”

சொல்லிவிட்டாள். நெஞ்சில் இருந்த கல் இறங்கிவிட்டது.

சௌந்தரராஜன் தங்கதுரை பக்கம் திரும்பினார். “களி இருக்கட்டும். அந்தம்மாவும் இருக்கட்டும்.” ஸ்வாதியைப் பார்த்தார். “உன் விஷயத்தை நாளைக்குப் பாக்கேன். போ.”

அன்றிரவு ஸ்வாதி சரியாகச் சாப்பிடவில்லை. மறுநாள் எண்ண முடிந்ததையெல்லாம் புரோகிராம் எண்ணியது. முடியாததை எழுதியது எழுதியபடியே சமையலறைத் திரைக்கு அனுப்பியது. நாராயணம்மா ஒவ்வொன்றாகப் படித்துவிட்டு அண்டாவை நிமிர்த்தினாள். மதியம் களி வரிசை கேன்டீன் வாசல்வரை நீண்டது. அந்த வரிசையில், விமல்ராஜுக்குப் பின்னால், எல்லாரும் பார்க்கத் தட்டோடு நின்றார் சௌந்தரராஜன்.

“அரை போதும்மா” என்றார் தன் முறை வந்ததும்.

“அரை உருண்டை பிடிக்க என் கைக்கு வராதுங் சார்” என்று முழுசாக ஒன்றை வைத்து, கீரைக் குழம்பை ஊற்றினாள் நாராயணம்மா. வரிசையே சிரித்தது. அவரும் சிரித்துவிட்டார். மென்று தின்னப் பார்த்தவருக்கு, பிய்த்துக் குழம்பில் தொட்டு விழுங்கச் சொல்லிக் கொடுத்தான் விமல்ராஜ். தட்டில் ஒரு துளி மிஞ்சவில்லை.

கை கழுவிவிட்டுப் போகும்போது ஸ்வாதியின் மேசைப் பக்கம் நின்றார். “உன் கடுதாசியை டைப் பண்ணிக் கையெழுத்தும் போட்டு ஆபீஸ்ல வச்சிருக்கேன். எடுத்துப் பாரு. தப்பு ஏதும் இருந்தா மறைக்காம வந்து சொல்லு, என்ன?”

ஸ்வாதி ஓடிப்போய் எடுத்துப் பிரித்தாள். வேலை நிரந்தரம். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. துடைத்துக்கொண்டு மறுபடி படித்தாள். அவள் வேலைக்குச் சேர்ந்த தேதி தப்பாக இருந்தது. கடிதத்தை எடுத்துக்கொண்டு நேரே அவர் அறைக்குப் போனாள்.