ஏழாம் நம்பர் மிஷின்

பாகலூர் ரோட்டில் நான் நடத்துவது சின்ன கார்மெண்ட்ஸ். ஒரே லைன், பன்னிரண்டு மிஷின். கம்ப்யூட்டரில் உற்பத்தியைப் பார்க்கப் பழகாவிட்டால் இனி ஆர்டர் வராது என்று ஆளாளுக்குப் பயமுறுத்தியதால் ஐந்து நாள் பயிற்சிக்குத் தலையாட்டினேன். சொல்லிக் கொடுக்க வந்த ஜெயப்ரியா ஒவ்வொரு மிஷினுக்கும் ஒரு விளக்கு மாட்டினார். ஓடினால் பச்சை, நின்றால் சிவப்பு. யார் எவ்வளவு தைத்தார்கள் என்பது என் மேஜைத் திரையில் தெரியும்.

மூன்றாம் நாள் திரையைப் பார்த்து எனக்குத் தலை சுற்றியது. ஏழாம் நம்பர் மிஷின் நூற்று நாற்பது காலர் தைத்திருந்தது. அது பூங்கொடியின் மிஷின். அவளோ அம்மாவுக்கு ஆபரேஷன் என்று கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். லீவு கொடுத்ததே நான்தான்.

சாப்பாட்டு நேரத்தில் எட்டிப் பார்த்தேன். மாதம்மாள் ஏழாம் நம்பரில் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தாள். அடுத்து உட்கார இன்னொருத்தி, வாயில் சோற்றோடு நின்றாள்.

"என்னம்மா இது?"

"செவப்பாவே எரிஞ்சா மிஷினை எடுத்துருவாங்களாம் சார். பூங்கொடி திங்கக்கெழம வந்துருவா. அதுவரைக்கும் ஆளுக்குக் கொஞ்சம் தெச்சுடறோம்."

பெருமை தாங்காமல் ஜெயப்ரியாவிடம் போய்ச் சொன்னேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

அவர் பூங்கொடியின் பெயருக்கு நேரே லீவு என்று தட்டினார். உடனே திரை, பதினொரு பேர் போதும், ஏழாம் மிஷின் உபரி என்றது.

"சாப்பிடாம தெச்சாங்கம்மா."

"சிஸ்டம் மொத்தத்தைத்தான் பார்க்கும் சார். ஒரு ஆள் இல்லாமலும் அது குறையலையே. வெள்ளிக்கிழமையும் இப்படியே வந்தா ரிப்போர்ட்ல ஒரு ஆளைக் குறைக்கச் சொல்லித்தான் எழுதணும்."

அந்த ரிப்போர்ட் ஆர்டர் கொடுப்பவர்களுக்குப் போகும். அவர்கள் குறை என்றால் குறைக்க வேண்டும். யோசிக்க யோசிக்கக் குழப்பம்தான் மிஞ்சியது. இவர்கள் தைத்தால் பூங்கொடி வேண்டாதவள், தைக்காவிட்டால் வேண்டியவள். என்ன கணக்கோ, எனக்கு எரிச்சலாக வந்தது.

மறுநாள் சாப்பாட்டு மணி அடித்ததும் ஏழாம் மிஷினை நானே அணைத்தேன்.

"எல்லாரும் போய்ச் சாப்பிடுங்க. இதை யாரும் தொடக்கூடாது."

மாதம்மாள் நகரவில்லை. "பூங்கொடிய நிறுத்திட்டீங்களா சார்?"

"இல்லம்மா. அவ வேணும்னுதான் மிஷின நிறுத்தறேன்."

அவள் சிவப்பு விளக்கையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். எனக்கே புரியாததை அவளுக்கு எங்கிருந்து விளக்குவது? அதற்குள் அவள் போன் போட்டுவிட்டாள்.

"பூங்கொடி, அம்மாவ யார்கிட்டயாவது விட்டுட்டு உடனே கெளம்பி வா. உன் மிஷின நிறுத்திட்டாங்க."

போனைக் கேட்டு வாங்கினேன். மறுமுனையில் அழுகை.

"பூங்கொடி, அம்மாவைப் பாத்துக்க. நீ இல்லாம லைன் பின்தங்குது. அது எல்லாருக்கும் தெரியட்டும். திங்கக்கெழம வா, போதும்."

மாதம்மாளுக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை. சிவப்பு விளக்கைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, சாப்பாட்டு டப்பாவைத் திறந்தாள்.