ஸ்கிக்கு அடியில் தேசிக்காய்

அஜந்தா பொய் சொன்னதற்கு ஜூலியனின் சிரிப்புத்தான் காரணம்.

அலுவலகத்தில் எல்லோரையும் மூன்று நாள் அல்ப்ஸ் மலைக்குக் கூட்டிப்போகிறோம் என்று அறிவித்த அன்று, பக்கத்து மேசை ஜூலியன் அவள் பக்கம் திரும்பினான். "கவலைப்படாதே அஜந்தா. பனியெல்லாம் உங்களுக்குப் பழக்கமில்லைதானே. நீ வீட்டுக்குள் நெருப்புப் பக்கத்தில் இருந்து எங்களுக்குச் சீஸ் உருக்கித் தரலாம்" என்று சொல்லிச் சிரித்தான்.

ஆள் கெட்டவன் இல்லை. அதுதான் இன்னும் எரிச்சல். "உங்களுக்கு" என்றால் யாருக்கு? அவள் பிறந்ததே பாரிஸ் புறநகர் லா கூர்னெவ்வில். ஒவ்வொரு பெப்ரவரி விடுமுறைக்கும் வகுப்பில் பாதிப்பேர் மலைக்குப் போய், பனிக் கண்ணாடி போட்டதால் கண்ணைச் சுற்றி மட்டும் வெள்ளையாகவும் மிச்ச முகம் வெயிலில் கறுத்தும் திரும்பி வருவார்கள். அப்பா உணவகத்தில் கோப்பை கழுவ, அம்மா ஹோட்டல் அறைகளைத் துடைக்க, அவள் ஏழாம் மாடியில் தொலைக்காட்சி பார்த்தபடி அந்த விடுமுறைகளைக் கழித்தாள். குடும்பத்தில் முதல் பட்டம் அவளுடையது. அந்தப் பட்டத்துக்குள் பனியில் சறுக்கும் ஸ்கி அடங்கவில்லை.

"நான் சின்ன வயதிலிருந்தே ஸ்கி செய்கிறேன்" என்றாள். வாய் அதோடு நிற்கவில்லை. "நீலப் பாதையெல்லாம் எனக்குச் சும்மா."

ஆகவே அலுவலகப் பயணத்துக்கு முந்திய சனிக்கிழமை, பொய்யை உண்மையாக்க அவளுக்கு ஒரே ஒரு பகல் மிச்சமிருந்தது.

விடிவதற்கு முன் பாரிஸின் தமிழ்க் கடைத் தெருவான ரூ பெர்தொனேயில் வாடகைக் கார் நின்றது. ஓட்டப்போகிறவன் சாருஜன், பள்ளிக்கூட நாட்களிலிருந்தே நண்பன். பின் இருக்கையில் பிரவீணா. மார்க்ஸ் டோர்மோய் பகுதி வீட்டில் அஜந்தாவோடு அறையைப் பகிர்பவள், கோயம்புத்தூர்க்காரி, பசைகளைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்கிறாள். மூன்று பேரில் ஒருவருக்கும் ஸ்கி தெரியாது. தொலைபேசியில் வீடியோ பார்த்திருந்தார்கள்.

சாருஜனின் அம்மா கோசலை தன் மளிகைக் கடைக் கதவைப் பாதி திறந்து வெளியே வந்தார். காரின் நாலு சில்லுக்கும் தேசிக்காய் வைத்தார். சாருஜன் காரை ஒரு முழம் முன்னே எடுத்து அவற்றை நசித்தான். ஓடுகிற எந்த வண்டிக்கும் அந்தத் தெருவில் நடக்கிற காரியம்தான். பிறகு அவர் ரோல்ஸ் பார்சலோடு இன்னொரு பையை ஜன்னலுக்குள்ளால் நீட்டினார்.

"இது ஸ்கிக்கு. அவை ரெண்டு பேருக்கும் ரெண்டு ரெண்டு. பிள்ளை, உனக்கு இது கந்தோர் வேலை விசயம். அதாலை உனக்கு நாலு."

"ஆன்ரி, ஸ்கி கார் இல்லை" என்றாள் அஜந்தா.

"காலிலை பூட்டி ஓடுறதுதானே? ஓடுற சாமானுக்கே வைக்கிறம். சறுக்கிற சாமானுக்கு வைக்காமல் விடுறதே?"

அஜந்தா பையை வாங்கிக் காரின் சூடாக்கிக்குப் பக்கத்தில் வைத்தாள்.

அல்ப்ஸைவிடக் கிட்ட இருக்கும் வோஜ் மலையில் வெயில் கண்ணைக் குத்தியது. வாடகைக்கு எடுத்த சப்பாத்துக்கள் ஆளுக்கு ஒரு அம்மிக்கல் கனம். கார்த் தரிப்பிடத்தின் ஓரத்தில் ஸ்கிகளைப் பனியில் வைத்துக்கொண்டு மூவரும் பையைப் பார்த்தார்கள்.

"எங்க ஊர்ல புது வண்டிக்குத்தான் எலுமிச்சம்பழம் வைப்பாங்க. வாடகை ஸ்கிக்கு யாருடி வைப்பா?" என்றாள் பிரவீணா.

"எனக்கும் இதிலை நம்பிக்கை இல்லை" என்றாள் அஜந்தா. சொல்லிக்கொண்டே தன் நாலையும் எடுத்தாள். காருக்குள் சூடாக்கி பக்கத்தில் கிடந்து பழங்கள் வெதுவெதுவென்று இருந்தன. ஒரு ஸ்கிக்கு அடியில் இரண்டாக வைத்து, ஸ்கி பூட்டிய காலோடு ஏறி மிதித்தாள். பச்சக் என்றது. போதாது என்று இன்னொரு தரம் மிதித்தாள். மற்ற இருவரும் தங்கள் பழங்களை ஸ்கிக்குப் பக்கத்தில் வைத்துச் சப்பாத்துக் குதியால் கடமைக்கு நசித்துவிட்டு நடந்தார்கள்.

முதலில் பழகுகிறவர்களின் சின்னச் சரிவு. சாருஜன் போனான், விழுந்தான். பிரவீணா போனாள், ஒரு பெரிய மனிதரைக் கட்டிப்பிடித்து நின்றாள், மன்னிப்புக் கேட்டாள். அஜந்தா சரிவின் உச்சியில் நின்றாள். முழங்காலை மடக்கினாள். உடம்பை முன்னால் கொடுத்தாள்.

ஒன்றும் நடக்கவில்லை.

தடியால் உந்தினாள். நாலு விரற்கடை நகர்ந்து நின்றது. நாலு வயதுக் குழந்தைகள் வாத்துக் குஞ்சுகள் போல வரிசையாக அவளைத் தாண்டிப் போனார்கள். ஒன்று திரும்பி அவளைப் பாவமாகப் பார்த்தது.

"என்னடி, உனக்கு மட்டும் புவியீர்ப்பு லீவா?" என்று கீழேயிருந்து பிரவீணா கத்தினாள்.

"பேயன் மாதிரி நிக்காமல் வா" என்றான் சாருஜன். "சறுக்கிறதுதானே வேலை. மிச்சத்தை மலை பாக்கும்."

மலை பார்க்கவில்லை. காலை முழுக்க அஜந்தா சரிவில் நடந்து இறங்கினாள். ஸ்கி பூட்டிக்கொண்டு மலையில் நடந்து இறங்கிய முதல் ஆள் அவளாகத்தான் இருக்கும். கோபத்தில் வியர்த்தது. உள்ளே ஒரு சின்னக் குரல், ஜூலியன் சொன்னது சரிதான், இது உங்களுக்கு இல்லை என்றது. அந்த "உங்களுக்கு" இப்போது தன் மனத்திலிருந்தே வந்ததை நினைக்க அவளுக்கு யாரையாவது அடிக்க வேண்டும் போலிருந்தது. பக்கத்தில் சாருஜன் இருந்தான். பனிக்கட்டி ஒன்றை எடுத்து அவன் முதுகில் எறிந்தாள்.

மத்தியானம் ரோல்ஸைக் கடித்துக்கொண்டிருந்தபோது ஜூலியனிடமிருந்து செய்தி வந்தது. "மலைப் பயணத்துக்குக் குழு பிரிக்கிறேன். நீலம் உனக்குச் சும்மா என்றாயே, அதனால் உன்னை என்னோடு கறுப்புப் பாதைக் குழுவில் போட்டுவிட்டேன். சரிதானே?"

மலையில் பாதைகளுக்குக் கடினத்தின்படி நிறம்: நீலம் லேசு, கறுப்பு என்றால் இருக்கிறதிலேயே கடினம். சாருஜன் கையை நீட்டிக் காட்டினான். எதிர் மலையில் அது தெரிந்தது.

"அது பாதை இல்லை. சுவர்" என்றான்.

அஜந்தா ரோல்ஸை வைத்துவிட்டு எழுந்தாள். ஸ்கியைத் திருப்பி மரமேசையில் ஓங்கி அடித்தாள். அடிப்பக்கம் மேலே தெரிந்தது. அவள் குனிந்து பார்த்தாள். தேசிக்காயின் சாறும் சதையும் உறைந்து கண்ணாடியாகி, அதன்மேல் பனி திரண்டு ஒட்டி, நடுவில் ஒரு பச்சைத் தோல் முழுசாகப் பதிந்திருந்தது. மற்ற ஸ்கியும் அப்படியே.

மற்ற இருவரும் கிட்ட வந்து குனிந்தார்கள்.

"பிரவீணா," என்றாள் அஜந்தா மெதுவாக, "நீ என்னத்தைப் பற்றி ஆராய்ச்சி செய்யிறாய் எண்டு திருப்பிச் சொல்லு."

"பசை" என்றாள் பிரவீணா. பிறகு சிரிப்பில் மேசைக்கடியில் போய்விட்டாள்.

சுரண்டுவதற்கு ஒன்றும் இல்லை. பிரவீணா தன் நவிகோ அட்டையை எடுத்துக் கொடுத்தாள். மெட்ரோவுக்குக் காட்டுகிற அட்டை மலைக்கும் உதவியது. சாருஜன் சுரண்டிக்கொண்டே, அம்மாவுக்குச் சொல்லவேண்டாம் என்று இரண்டு பேரிடமும் சத்தியம் வாங்கினான்.

சுரண்டிய ஸ்கியோடு அஜந்தா சின்னச் சரிவின் உச்சியில் நின்றாள். காலையில் பழகிய பழக்கத்தில் முழுப் பலத்தோடும் உந்தினாள். அது தவறு. மலை அவளை வாரிக்கொண்டு போனது. காற்று காதைப் பிய்த்தது. குழந்தைகளும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற மோனித்தரும் சாருஜனும் பக்கவாட்டில் ஓடினார்கள். கீழே ஆரஞ்சு வலைக்குள் போய் மீன் மாதிரி மாட்டிக்கொண்டு, அங்கே கிடந்தபடியே அவள் சிரித்த சிரிப்பு அவளுக்கே புதிதாக இருந்தது.

"நீலப் பாதைக்குப் போறம்" என்றாள், வலைக்குள்ளிருந்து.

"உனக்கு விசரா? நிப்பாட்டவே தெரியாது" என்றான் சாருஜன்.

"போற வழியிலை பழகுவன்."

நாற்காலி லிஃப்ட் மேலே கொண்டுபோய்க் கொட்டியது. கொட்டிய இடத்திலேயே மூவரும் ஒருவர்மேல் ஒருவர் விழுந்தார்கள். அங்கிருந்து நீலப் பாதை பைன் மரங்களுக்கு நடுவே வளைந்து இறங்கியது. அஜந்தா வீடியோவில் பார்த்தபடி முன் நுனிகளைக் கிட்ட வைத்து, குதிகளை அகட்டினாள். ஸ்கி முனகியது, வேகம் குறைந்தது. இடது காலில் பாரம் கொடுத்தால் வலப்பக்கம் திரும்பியது. முதல் வளைவில் விழுந்தாள். இரண்டாவதில் விழுந்தாள். மூன்றாவதில் விழவில்லை. விழவில்லை என்ற ஆச்சரியத்தில் நாலாவதில் விழுந்தாள். பிரவீணா பாதி வழி உட்கார்ந்தே வந்தாள். சாருஜனின் ஒரு ஸ்கி அவனை விட்டுத் தனியாகப் போய், கீழே நாகரிகமாக அவனுக்காகக் காத்திருந்தது.

கடைசிச் சரிவு நீளமாக, வெறுமையாக இருந்தது. அஜந்தா தனியே அதில் இறங்கினாள். இந்தப் பக்கம் ஒரு வளைவு, அந்தப் பக்கம் ஒரு வளைவு. கால் சொன்னதைக் கேட்டது. ஜூலியன் நினைவுக்கு வரவில்லை. நீலப் பாதை சும்மா இல்லை என்று தெரிந்தது. சும்மா இல்லாததால்தான் இவ்வளவு நன்றாக இருக்கிறது என்றும் தெரிந்தது. இன்னும் சரியாக, அழகாக, இடுப்பை வளைத்துத் திரும்ப ஆசையாக இருந்தது. அதற்கு யாராவது முறையாகச் சொல்லித்தர வேண்டும். கறுப்புப் பாதைக் குழுவில் யாரும் சொல்லித்தர மாட்டார்கள்.

கீழே வந்து தானாகவே நின்றாள். கையுறையைப் பல்லால் கழற்றிவிட்டு ஜூலியனுக்குத் தொலைபேசி எடுத்தாள்.

"என்னைப் புதியவர்கள் குழுவில் போடு."

"ஏன்? சின்ன வயதிலிருந்தே என்றாயே?"

"பொய். இன்றைக்குக் காலையில்தான் முதன்முதல் ஸ்கி பூட்டினேன்."

"அப்படியென்றால் ஏன் சொன்னாய்?"

"பனி உங்களுக்குப் பழக்கமில்லை என்று சொல்லிச் சிரித்தாய். அதற்காக. நான் லா கூர்னெவ்வில் பிறந்தவள். எங்களிடம் இல்லாதது பழக்கம் அல்ல, விடுமுறைக்குக் காசு."

அஜந்தா வெட்கம் வருமென்று காத்திருந்தாள். வரவில்லை. முழங்கால்தான் வலித்தது.

"மன்னித்துக்கொள்" என்றான் ஜூலியன். "நான் யோசிக்காமல்..."

"அப்போ யோசி. இப்போது நேரமில்லை, லிஃப்ட்டை மூடப்போகிறார்கள். திங்கட்கிழமை கதைப்போம்."

சாருஜனும் பிரவீணாவும் ஏற்கெனவே வரிசையில் நின்றார்கள். பின்னால் ஆட்கள் முணுமுணுக்க முணுமுணுக்க, ஒரு இடத்தைத் தடியால் மறித்து வைத்திருந்தார்கள்.

"கெதியா வாடி" என்று சாருஜன் கூப்பிட்டான். "கடைசி ரவுண்ட்."

அஜந்தா அம்மிக்கல் சப்பாத்தோடு ஓடினாள்.