அடுத்த வாரம் போடலாம்

வெள்ளிக்கிழமை என்றால் 'பேட்டைக் குரல்' அலுவலகத்தில் மூச்சுவிட நேரம் இருக்காது. மயிலாப்பூர், ராஜா அண்ணாமலைபுரம் வீட்டு வாசல்களில் சனிக்கிழமைதோறும் இலவசமாக வந்து விழும் வாரப் பத்திரிகை அது. பக்கத்தில் முதலில் விளம்பரங்களை உட்கார வைப்பார்கள். அவை கால் நீட்டியது போக மிச்சமுள்ள இடத்தில்தான் செய்தி ஒண்டிக்கொள்ள வேண்டும். நகைக்கடையும் கேட்டரிங்கும் இல்லாவிட்டால் பத்திரிகையே இல்லை. நிருபர் ஷண்முகப்ரியாவும் இதற்குத் தலையாட்டித்தான் வேலை பார்த்தாள்.

அன்று வாசலில் ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டுத் தயங்கி நின்றார். சூடாமணியின் கணவர் ஏகாம்பரம்.

"மேடம், என் சம்சாரத்த நீங்க போன்ல போட்டோ புடிச்சீங்களாமே? வூட்ல அவ படம் நல்லதா ஒண்ணும் இல்ல. காரியம் வருது, மாலை போட வோணும். உங்க பேப்பர்லயும் சின்னதா ஒரு அஞ்சலி போட்டீங்கன்னா..."

சூடாமணி ஒரு மதில் ஓரமாக இஸ்திரி வண்டி போட்டிருந்தவள். மதிலுக்கு அந்தப் பக்கம் அடுக்குமாடி கட்ட ஆழமாகப் பள்ளம் தோண்டினார்கள். மதில் விரிசல் விட்டது. அவளே அலுவலகத்துக்கு வந்து சொன்னாள். ப்ரியா போய்ப் படம் எடுத்தாள், செய்தியும் எழுதினாள். "வண்டிய நகத்திடாதீங்க. பேப்பர்ல வந்ததும் அதிகாரிங்க வருவாங்க. நீங்க அங்க இருந்தாதான் கேப்பாங்க" என்று கெட்டிக்காரத்தனமாக ஒரு யோசனை வேறு.

பக்கம் முடியும் நேரத்தில், அந்தக் கட்டடக்காரரின் முழுப்பக்க விளம்பரம் வந்து சேர்ந்தது. ஆசிரியர் மாணிக்கவாசகம் செய்தியை எடுத்துவிட்டு, "அடுத்த வாரம் போடலாம்மா" என்றார். அடுத்த வாரமும் விளம்பரம் வந்தது. ப்ரியா வாயைத் திறக்கவில்லை. சனிக்கிழமை தவறாமல் சூடாமணி போன் செய்வாள்: "வந்துச்சா மேடம்?" பிறகு ஒரு மழைநாளில் சுவர் அவள் மேலேயே சாய்ந்தது.

அதிலிருந்து போன் மணி அடித்தாலே ப்ரியாவுக்கு உடம்பு தூக்கிப்போடும். எடுத்தால் யாரோ வங்கிக் கடன் வேண்டுமா என்று கேட்பார்கள், ஆனால் அவர்கள் பேசுவதற்கு முந்தைய நொடியில் "வந்துச்சா மேடம்?" காதில் விழுந்துவிடும். அந்தப் படத்தை அழிக்கவும் மனம் வரவில்லை, பார்க்கவும் துணிச்சல் இல்லை.

இப்போது திறந்தாள். விரிசலைக் கையால் காட்டியபடி சூடாமணி சிரித்துக்கொண்டிருந்தாள், பேப்பரில் வரப்போகிற சந்தோஷத்தில்.

மாணிக்கவாசகம் எட்டிப் பார்த்தார். "முகத்த மட்டும் வெட்டி எடும்மா, சுவர் வேண்டாம். அஞ்சலிய இலவசமாவே போட்டுடலாம், பாவம்."

ப்ரியாவின் விரல் அசையவில்லை. சூடாமணி தன்னையே பார்ப்பதுபோல் இருந்தது. அடக்கி வைத்திருந்த அழுகை பீறிட்டது.

"செய்தி எழுதினேங்க. விளம்பரத்துக்காக நிறுத்திட்டோம். அவங்கள அங்கேயே இருக்கச் சொன்னதும் நான்தான்."

ஏகாம்பரம் அவளை நிமிர்ந்து பார்த்தார். "அதான் அவ நவுரலயா? எத்தினி வாட்டி சொன்னேன்! பேப்பர்ல வரும்யா, கம்முனு இருன்னா." அவர் குரல் உயரவே இல்லை. அடித்திருந்தால்கூடத் தேவலை என்று ப்ரியாவுக்குத் தோன்றியது.

அவர் செருப்பை மாட்டிக்கொண்டார். "அஞ்சலி வோணாம் மேடம். மீதி செவுரு இன்னும் நின்னுகினு கீது. அதுக்குக் கீழ இப்போ ஒரு இளநிக்காரர் கடை போட்டுக்கினு கீறாரு. அத்த போடுங்க."

ப்ரியா துள்ளி எழுந்து ஆசிரியரிடம் திரும்பினாள். "சார், முதல்ல அந்த மனுஷன அங்கேருந்து கிளப்பிட்டுத்தான் படமே எடுக்கப்போறேன். முதல் பக்கத்துல இடம் வேணும்."

"விளம்பரம் உக்காந்தாச்சேம்மா," மாணிக்கவாசகம் தடுமாறினார். "அடுத்த வாரம் வேணா..."

ஏகாம்பரம் திரும்பிப் பார்த்தார். "உசுரோட கீறப்போ போட்டாதான் சார் அது நியூசு. செத்தப்புறம் போட்டா அது அஞ்சலி. ஜனங்களுக்கு இன்னா வோணும்னு நீங்களே சொல்லுங்க."

மாணிக்கவாசகம் கணினி முன்னால் போய் உட்கார்ந்து, முதல் பக்க விளம்பரத்தைத் தன் கையாலேயே எடுத்தார்.