கடம்பூரில் இறங்கிய காற்று

1

இந்தக் கதை பிறந்ததற்கு ஒரு பத்திரிகை ஆசிரியர்தான் பொறுப்பு. ஆண்டு மலருக்குக் கடல் கதை வேண்டும் என்று கோவில்பட்டிக்காரனான என்னிடம் வந்து கேட்டார். சித்திரை மாதத்தில் இங்கே குடிதண்ணீருக்கே குடத்தோடு வரிசையில் நிற்கிறோம். கடலுக்கு நான் எங்கே போக? ஆனாலும் சரி என்றேன். எழுத்தாளர்களுக்கு மறுக்கத் தெரிந்திருந்தால் பாதி இலக்கியம் பிறந்தே இருக்காது.

முதல் வரி இப்படி வந்தது: நீலக் கடல் விரிந்து கிடந்தது. அதன் மடியில்... [கடலுக்கு ஏது மடி? அடித்தாயிற்று.]

கடல்தான் வராது, கடலுக்குப் போகிற சாமானாவது எங்கள் பக்கமாகப் போகட்டும் என்று முடிவு செய்தேன்.

2

வருஷம் 1961. முத்துச்சிப்பி தேடுகிற ஓர் அலுவலகத்தின் வேன் மதுரையிலிருந்து தூத்துக்குடிக்குப் போகிறது. உள்ளே இரண்டு சிலிண்டர்கள். காற்றை இறுக்கி அடைத்தவை; முதுகில் கட்டிக்கொண்டால் கடலுக்கடியில் மூச்சு விடலாம். [மதுரையில் யார் அடைத்தார்கள் என்று கேட்காதீர்கள். அடைத்தது நான்தான்.]

வேனை ஓட்டுகிறவன் மஸ்தான். நாளைக் காலையில் அந்தச் சிலிண்டரோடு முங்கப் போகிறவன் அவன் தங்கை குல்ஷனின் புருஷன் கமால். (குல்ஷனுக்கு ஏழு மாதம் என்று எழுதியிருந்தேன். வாசகரிடம் கண்ணீர் கறக்கிற வேலை அது, வெட்டிவிட்டேன்.)

அதிகாரி படித்துப் படித்துச் சொல்லி அனுப்பியிருந்தார். சிலிண்டரைப் படுக்கவைத்து அசையாமல் கட்டு. வெயிலில் நிறுத்தாதே. கதவைச் சாத்திப் புழுங்கவிடாதே. வால்வில் கை வைத்தால் வேலை போய்விடும். மஸ்தான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். கோவில்பட்டி வரைக்கும் எல்லாவற்றையும் காப்பாற்றவும் செய்தான். கதை ஒரு அடி நகரவில்லை.

3

ஆனால் தங்கை வீட்டுக்கு வெறுங்கையோடு போகிற வழக்கம் எங்கள் பக்கம் யாருக்கும் கிடையாது. மஸ்தான் நேர்வழியை விட்டு, போளிக்குப் பேர்போன கடம்பூருக்கு வண்டியைத் திருப்பினான். நல்ல உச்சி வெயில். சர்க்கார் சாமானாயிற்றே என்று கதவையெல்லாம் பூட்டிவிட்டுப் போனான். போளிக்கடையில் அப்போதுதான் கல்லையே அடுப்பில் ஏற்றியிருந்தார்கள்.

திரும்பி வந்து கதவைத் திறந்தபோது அனல் முகத்தில் அடித்தது. சிலிண்டரைத் தொட முடியவில்லை. அதில் மாட்டியிருந்த மீட்டரின் முள், நிறைந்த அளவைக் காட்டும் சிவப்புக் கோட்டைத் தாண்டி நின்றது.

பக்கத்துச் சோடாக்கடை இசக்கியம்மாள் எட்டிப் பார்த்தாள். (இவளை நம்பலாமா என்று எனக்கே சந்தேகம். அந்த வெயிலில் வேறு ஆள் அகப்படவில்லை.)

"கோடையில எங்க சோடாவும் இப்படித்தான் முறுக்கிட்டு வெடிக்கும் அண்ணாச்சி. ஈரச்சாக்கப் போட்டு, காத்த கொஞ்சம் இறக்கி விடுங்க. பச்சப்பிள்ளைக்கு வாயு பிரிஞ்ச மாதிரி சொகமாயிரும்."

ஈரச்சாக்கோடு விட்டிருந்தால் உங்களுக்கும் எனக்கும் இங்கே வேலை இல்லை. மஸ்தான் வால்வைத் திருகினான். முள் கோட்டுக்கு இறங்கும்வரை சீறவிட்டான்.* இரண்டாவதற்கும் அதே வைத்தியம். பிறகு நிம்மதியாக ஒரு பன்னீர் சோடா குடித்தான்.

* அடிக்குறிப்பு: அடைத்த காற்று சூடேறினால் முறுக்கும், ஆறினால் தளரும். சூட்டில் சரியாக இருக்கிற முள் ஆறிய பிறகு சரியாக இருக்காது. பள்ளிக்கூடத்தில் இதைச் சொல்லிக்கொடுத்த அன்று நானும் மஸ்தானைப் போல வெளியே போளி தின்றுகொண்டிருந்திருக்க வேண்டும்.

4

மறுநாள் காலை, தூத்துக்குடிக் கரை. முங்குவதற்கு முன்னால் மீட்டரைப் பார்த்துச் சொல்வது மஸ்தானின் வேலை. பார்த்தவன் மீட்டர் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தான். ஆறிப்போன இரண்டு சிலிண்டரிலும் முள் கோட்டுக்கு இரண்டு விரற்கடை கீழே கிடந்தது.

முதுகில் இருக்கிற மீட்டர் அடியில் கண்ணுக்குத் தெரியாது; கமால் கைக்கடிகாரத்தைப் பார்த்துத்தான் மேலே வருவான். நிறைந்த சிலிண்டருக்கு உரிய நேரம் அவனுக்கு மனப்பாடம். கடம்பூர்த் தெருவில் சீறிப்போனது, அவன் மேலே ஏறி வருவதற்கு வைத்திருந்த கடைசிக் காற்று.

சொன்னால் மஸ்தானுக்கு வேலை போகும். கமால் காதில் மட்டும் போட்டுவைக்கலாமே என்பீர்கள். கமால் வாயில் ரகசியம் தங்காது. அவன் பேசாமல் இருப்பது கடலுக்கடியில் மட்டும்தான்.

5

முடிவுகள் மூன்று எழுதிப் பார்த்தேன்.

மஸ்தான் சொல்லிவிடுகிறான். வேலை போகிறது. கடம்பூரிலேயே போளிக்கடை வைக்கிறான். [யாரும் கடலில் இறங்கவில்லை. ஆசிரியர் திருப்பி அனுப்பிவிடுவார்.]

சொல்லவில்லை. கமால் கைநிறைய முத்தோடு சிரித்துக்கொண்டே மேலே வருகிறான். [பச்சைப் பொய். எழுத்தாளன் கேட்டான் என்று காற்று பெருகாது.]

சொல்லவில்லை. குல்ஷன் கரையில் வந்து... [மாட்டேன். எனக்குக் கமாலைப் பிடித்துப்போய்விட்டது. பயமாகவும் இருக்கிறது.]

ஆகவே என்னால் முடிந்தது இவ்வளவுதான்: படகு தயார். அதிகாரி காதுக்கு எட்டும் தூரத்தில் நிற்கிறார். கமால் சிலிண்டரை முதுகில் கட்டிக்கொண்டு, மிச்சப் போளியை மென்றபடி கேட்கிறான்.

"போளி நல்லாருந்துச்சு மச்சான். காத்து சரியா இருக்கா?"

"நீயே மீட்டரப் பாத்துக்கோ மாப்ளே."

"நீங்க சொன்னா மீட்டர் சொன்ன மாதிரி."

மஸ்தான் வாயைத் திறக்கிறான். அவன் சொல்வதை நான் எழுதப் போவதில்லை, நீங்கள் சொல்லுங்கள். ஆற அமர யோசிக்க மட்டும் வேண்டாம். கமால் குழாயைப் பல்லில் கடித்து மூச்சை இழுக்க ஆரம்பித்துவிட்டான். நீங்கள் யோசிக்கிற நேரமும் அவன் காற்றில்தான் கழிகிறது.