முக்காலிக்கு ஒரு மந்திரம்

குமுதவல்லி குடியிருந்தது ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டுக்குள். அதில் அவளுக்கு எந்தக் குறையும் இல்லை. அவள் கணவர் ஆவுடையப்பன் மூன்று வாரமாக முக்காலியாக இருந்தார். அதுதான் குறை.

சூனியக்காரியிடம் வழி கேட்டபோது அவர் மரியாதையாகக் கேட்கவில்லை. அவ்வளவுதான் நடந்தது. நல்ல தேக்கு முக்காலி.

மீட்பு மந்திரம் ஏழாவது லெவலில்தான் கிடைக்கும். அதற்குப் பத்து எலி அடிக்க வேண்டும். அடித்தாள். மந்திரப் பயிற்சி நிலையத்தில் வால்களைச் சரிபார்த்துவிட்டு ஒரு சுருளைக் கொடுத்தார்கள். அவள் படிக்கப் படிக்க எழுத்துகள் தாளிலிருந்து இறங்கித் தலைக்குள் ஏறிக்கொண்டன. காதோரம் கொஞ்சம் அரித்தது.

மந்திரம் ஒரு தடவைக்குத்தான். சொன்னதும் தலையைவிட்டுப் போய்விடும். அதிகாரி முன்னால் சொல்லிக்காட்டி அத்தாட்சி வாங்காமல் மந்திரத்தோடு வெளியே போகவும் முடியாது. எவ்வளவு நடந்தாலும் வாசற்படி வராது. இந்த இரண்டு விதியும் ஊரில் எல்லோருக்கும் தெரியும். இரண்டையும் சேர்த்து வைத்து யாரும் யோசித்ததில்லை.

குமுதவல்லியும் யோசிக்கவில்லை. அதிகாரி நல்லபெருமாள் ஒரு கல் தவளையை மேசைமேல் வைத்தார். அவள் மந்திரத்தைச் சொன்னாள். தவளைக்கு உயிர் வந்தது. அவருக்கு ஒரு வணக்கம் போட்டுவிட்டு அடுத்த அறைக்கு வேலைக்குப் போனது. அவள் அத்தாட்சியோடு வீட்டுக்கு வந்தாள். முக்காலியின் முன்னால் நின்று வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது.

மறுபடி பத்து எலி. மறுபடி ஒரு கல் தவளை. இப்படியே மூன்று அத்தாட்சி சேர்ந்துவிட்டது. அன்றைக்கு அவளுக்கு அழுகையே வந்தது. இருபத்திரண்டு வருஷம் சேர்ந்து குடித்தனம் நடத்திய மனுஷன்மேல், துக்கம் விசாரிக்க வந்தவர்களெல்லாம் உட்கார்ந்து காப்பி குடித்துவிட்டுப் போகிறார்கள்.

நாலாவது முறை முக்காலியை இடுப்பில் வைத்துத் தூக்கிக்கொண்டே போனாள்.

"தவளை வேண்டாங்க. இதுமேல சொல்லிக் காட்டறேன்."

"இது யாரு?" என்றார் அதிகாரி.

"எங்க வீட்டுக்காரர்."

"சொந்தக்காரங்கமேல சோதனை கூடாதும்மா. பாசத்துல பலிச்சுதா, மந்திரத்துல பலிச்சுதான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

"நாங்க அவ்வளவு பாசமெல்லாம் இல்லைங்க."

"அப்போ உறவே இல்லைன்னு எழுதிக் குடுத்துடுங்க. வாசலைத் தாண்டற வரைக்கும் உறவுன்னு தெரிஞ்சா சோதனை செல்லாது. பழையபடி முக்காலிதான்."

'இந்த முக்காலிக்கும் எனக்கும் எந்த உறவும் இல்லை' என்று எழுதினாள். அதிகாரி அதை உரக்கப் படித்துப் பார்த்தார். முக்காலிக்குக் காது கேட்கும்.

மந்திரத்தைச் சொன்னாள். ஆவுடையப்பன் எழுந்து நின்றார். வேட்டியை உதறிக் கட்டினார். முழங்கால் மட்டும் இன்னும் கொஞ்சம் தேக்காகவே இருந்தது.

அதிகாரி அவரிடம் கேட்டார். "இந்தம்மா உங்களுக்கு யாரு?"

ஆவுடையப்பன் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"பார்த்ததே இல்லைங்க."

கொஞ்சமும் தடுமாறாமல் சொன்னார். குமுதவல்லிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கூடவே கோபமும் வந்தது. இவ்வளவு சுலபமாகச் சொல்லியிருக்க வேண்டாம்.

இருவரும் தனித்தனியாகக் கிளம்பினார்கள். தாழ்வாரம் நடக்க நடக்கக் கொஞ்சம் வளர்ந்தது. அவர் முன்னால் போனார். அவள் நாலு முழம் தள்ளி, சுவரைப் பார்த்துக்கொண்டு போனாள். அதிகாரி அறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் வாசற்படி வந்தது. ஆவுடையப்பன் ஒரு காலை எடுத்து வெளியே வைத்தார். தெருவைக் கண்டதும், எங்கே கிளம்பினாலும் கேட்பதுபோல, திரும்பிப் பார்க்காமல் கேட்டார்.

"வீட்டைப் பூட்டினியா?"

அதிகாரி பேனாவைத் திறந்தார்.

வாசற்படியில் முக்காலி நின்றது. ஒரு கால் வெளியே, இரண்டு கால் உள்ளே.

குமுதவல்லி குனிந்து அதை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"பூட்டிட்டேங்க" என்றாள்.