நடுப்பெட்டி

என் கணவரைக் கவனக்குறைவானவர் என்று முதலில் சொன்னது அவருடைய தம்பிதான். அவர் இறந்த அன்று, வந்தவர்களின் செருப்புகள் குவிந்துகிடந்த வாசலில் நின்று யாரோ கேட்டதற்குப் பதில் சொன்னான். "நடுப்பெட்டி அண்ணன் போட்டது. கிளாம்ப்பை ரொம்ப இறுக்கிட்டாரு." உள்ளே எனக்கும் மகளுக்கும் கேட்டது. அதற்குப் பிறகு அப்பாவுக்கு என்ன ஆயிற்று என்று யார் கேட்டாலும் என் மகள் அதையே சொல்லப் பழகிவிட்டாள். நான் நம்பவில்லை.

அண்ணனும் தம்பியும் எலெக்ட்ரீஷியன்கள். ஒரு சுவரில் வரிசையாகச் சுவிட்ச் பெட்டிகள் பொருத்த வேண்டியிருந்தால், ஒருவர் இந்த ஓரத்தில் தொடங்குவார், மற்றவர் அந்த ஓரத்தில். நடுவிலிருக்கும் பெட்டியை முதலில் எட்டுகிறவர் அதையும் பொருத்துவார். தோற்றவர் டீ வாங்க வேண்டும். கல்யாணமான புதிதில், "வேலை செய்றீங்களா, விளையாடுறீங்களா?" என்று கேட்டேன். "ரெண்டும்தான். டீயும் கிடைக்குதில்ல?" என்றார்.

ஒரு சலவைக் கடையில் அப்படிப் பொருத்திய வரிசையில்தான் அவர் இறந்தார். வேலை முடிந்து பல மாதம் கழித்து, ஓடாத மெஷினைப் பார்க்கத் தனியாகப் போனவர், ஈரத்தரையில் நின்றபடி நடுப்பெட்டியின் மேல் கையூன்றியிருக்கிறார். இரும்புப் பெட்டி, மேலெல்லாம் மின்சாரம். கேபிள் நுழையும் துளையில் அதை அசையாமல் பிடித்துக்கொள்ளத்தான் கிளாம்ப். அது கேபிளின் உறையைக் கடித்து உள்ளே ஒயர்வரை இறங்கியிருந்ததாக அன்றே வந்து பார்த்தவர்கள் சொன்னார்கள். எர்த் ஒயரும் கழன்றிருந்ததாம்.

எனக்கு அவர் கை தெரியும். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, எங்கள் வீட்டில் அவர் பொருத்திய பெட்டிகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். இழுத்தால் ஒரு கேபிளும் நகரவில்லை. ஒன்றிலும் நசுங்கிய தடமும் இல்லை. ஆனால் இதை எங்கே போய்ச் சொல்வது? சொந்த வீட்டில் எல்லாரும் ஒழுங்காகத்தான் செய்வார்கள் என்று ஒரே வார்த்தையில் வாயை அடைத்துவிடுவார்கள்.

பின்னறையைத் தையல் அறையாக்க நினைத்தபோது கொழுந்தன் தானாகவே வந்தான்.

"வெளி ஆளை எதுக்கு அண்ணி கூப்பிடணும்? நான் என்ன செத்தா போயிட்டேன்?"

சொன்ன பிறகுதான் சொன்னது அவனுக்கே உறைத்தது. நான் சரி என்றேன். அவன் கையைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு காரணம் இல்லை.

பழைய செய்தித்தாளில் கிளாம்ப்புகளைப் பரப்பினான். ஒவ்வொரு கேபிளையும் நுழைத்துப் பார்த்து, நழுவாமலும் நெருக்காமலும் இருக்கும் அளவைத் தேர்ந்தெடுத்தான். பெட்டிக்குள் நட்டைப் போட்டு முடுக்கினான். ஸ்க்ரூ டிரைவரை எடுத்து கிளாம்ப்பின் இரண்டு திருகையும் மாற்றி மாற்றி, கையாலேயே இறுக்கினான். கேபிளை ஒரு இழுப்பு இழுத்தும் பார்த்தான். குறை சொல்ல ஒன்றுமே இல்லை. அதுவே எனக்குச் சந்தேகமாக இருந்தது.

"என்ன அண்ணி, பரீட்சை ஹால்ல சார் நிக்கிற மாதிரி நிக்கிறீங்க?"

"நீ எழுது. காப்பி அடிக்காம இருந்தா சரி."

டீ போட அடுப்படிக்குப் போனேன். பால் பொங்குவதற்குள் பின்னறையிலிருந்து கிர்ரென்று மெஷின் சத்தம். திரும்பி வந்தபோது ஜன்னல் ஓரத்தில் டிரில் மெஷின் இருந்தது. அவன் கையில் ஸ்க்ரூ டிரைவர்.

"மெஷின் ஓடுச்சே?"

"சுவத்துல ஒரு ஓட்டை போட்டேன்."

தரையில் புதுத் தூசி இல்லை. தம்ளரை நீட்டினேன்.

ஒரு வாய் குடித்ததும் அவன் முகம் மலர்ந்தது. "டீன்னா இது டீ. சலவைக் கடைக்கு எதிர்ல ஒருத்தன் இருந்தான் பாருங்க, வெந்நீருக்குக் கலர் காட்டுவான். வேலை முடிஞ்ச அன்னிக்கு அண்ணன் போய் வாங்கிட்டு வந்தாரு. ஒரு வாய் குடிச்சதும் விறுவிறுன்னு திரும்பப் போய் சண்டை. 'இந்தக் கழனித் தண்ணியைக் குடிக்கவாடா நான் தோத்தேன்'னு..."

அப்படியே அவர் குரல். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு இரண்டு பேருமே நிறுத்திவிட்டோம்.

"தோத்தாரா?" என்றேன்.

அவன் தம்ளரைக் கீழே வைத்தான். நான் ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, இன்னும் மின்சாரம் கொடுக்காத கடைசிப் பெட்டியின் மூடியைக் கழற்றினேன். கிளாம்ப்புக்கு அடியில் கேபிள் தட்டையாக நசுங்கியிருந்தது.

"நடுப்பெட்டி யாரு போட்டது?"

"அண்ணி..."

"அண்ணிதான் கேக்குறேன். சொல்லு."

"நான்தான். ஜெயிக்கணும்னு டிரில் மெஷினை வெச்சுத் திருகை இறுக்கிட்டேன்." சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினான். "போனவரை யாரும் ஒண்ணும் பண்ண முடியாதுன்னு நெனச்சேன். எனக்கு ரெண்டு புள்ளைங்க இருக்கு அண்ணி."

"அவருக்கும் ஒண்ணு இருக்கு."

மகளைக் கூப்பிட்டேன். வேலைக்குப் போட்டுப்போகும் உடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தவள், இஸ்திரிப் பெட்டியை அணைத்துவிட்டு வந்தாள்.

"இப்ப வேணாம் அண்ணி."

"இப்பதான் வேணும்."

"உங்க அப்பா இல்லம்மா," என்றான் அவன். "நான்."

"எது நீங்க, சித்தப்பா?"

அவள் விடவில்லை. முழுவதையும் அவன் சொல்ல வேண்டியிருந்தது. நடுப்பெட்டியைப் பொருத்தியது, மெஷினால் இறுக்கியது, பழியைத் தூக்கி அண்ணன் மேல் போட்டது.

"இத்தனை நாளா நீங்க சொன்னதை நான் எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருந்தேன். இனிமே நீங்களே போய்ச் சொல்லுங்க. ஒருத்தர் விடாம."

அவன் பையை எடுத்தான்.

"நசுங்கினதை வெட்டிப் போட்டுட்டு, ஒழுங்கா மாட்டிட்டுப் போ," என்றேன். "மெஷினைத் தொடாதே."

கேபிளில் நல்லவேளையாக மிச்சம் விட்டிருந்தான். கெட்ட பகுதியை வெட்டி எறிந்து, உறையை அளவாக உரித்து, புது கிளாம்ப் போட்டு, கையால் திருகினான். எர்த் ஒயரையும் பெட்டியோடு சேர்த்து முடுக்கினான். நாங்கள் இரண்டு பக்கமும் நின்றோம். முடிந்ததும் நானே இழுத்துப் பார்த்தேன். நகரவில்லை. மற்ற பெட்டிகளையும் திறக்கச் சொன்னேன். முணுமுணுக்காமல் திறந்தான்.

வீடு வீடாகப் போய் அவன் உண்மையைச் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். எல்லாரிடமும் சொன்னானா, எல்லாவற்றையும் சொன்னானா என்பதில் எனக்கு இன்னும் சந்தேகம் உண்டு. அதனால் தெருவில் தெரிந்தவர் யாரைப் பார்த்தாலும், கொழுந்தன் வந்திருந்தானா, என்ன சொன்னான் என்று கேட்டு, அவர்கள் சொல்லி முடிக்கும்வரை நிற்கிறேன்.